ஒன்பது முளை

பிப்ரவரி 9

மகளுக்கு, அப்பா வாயால் சொல்லி எழுதவைத்தது.

பெரிய பாலத்தின் நடுத்தூண் ஓர் அடி இறங்கி, ரயிலை எல்லாம் இக்கரையிலேயே நிறுத்தி ஜனங்களை நடக்கவிட்ட வருஷம். துணி ஆலையில் ஐந்து மாதம் வேலைநிறுத்தம். மண்ணெண்ணெய் கிடைக்காமல் கல்யாண வீட்டுக்காரர்கள் பகலிலேயே விருந்தை முடித்தார்கள். அந்த வருஷம்தான் நான் இந்த ஏரியை முதலில் பார்த்தேன். நீ பிறந்ததும் அதே வருஷம். வருஷத்துக்கு நம்பர் கேட்டால் எனக்குத் தெரியாது. உனக்கு நாற்பத்தொன்று நடக்கிறது, கழித்துப் பார்த்துக்கொள்.

நான் சுகம். மூட்டுவலி பஸ்ஸில் தூங்கிவிட்டது போல, இன்னும் வந்து சேரவில்லை. நீ, மாப்பிள்ளை, சம்பந்தி மூவருக்கும் ஒரு குறையும் இருக்கக் கூடாது.

மூன்று நாளில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வரப்போவதில்லை. இங்கே ஏரிக்கரையில் நாற்பது வீடு. மேட்டில் இருபத்தெட்டு, அது மேல் வரிசை. தண்ணீர்ப் பக்கம் பன்னிரண்டு, அது கீழ் வரிசை. கீழ் வரிசையில், தண்ணீருக்கு எல்லாவற்றையும்விடக் கிட்ட இருக்கும் கடைசி வீடு ஆளில்லாமல் கிடந்தது. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஓர் அறை, ஓர் அடுப்படி. குடியிருப்புச் சங்கத்துப் பதிவேட்டில் 'நிரந்தரமாகக் குடியிருப்பவர்' என்று எழுதி, என் கட்டைவிரலை மையில் அமுக்கி எடுத்துக்கொண்டார்கள்.

இதை எழுதுவது படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் அம்மா. படகு இல்லாத மத்தியானத்தில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். நீ எழுதுவதை வாசித்துக் காட்டப்போவதும் அவர்தான். அதைத் தெரிந்துகொண்டு எழுது. "நான் ஒண்ணையும் வெளிய சொல்ல மாட்டேன்னு எழுதிக்கட்டுமா ஐயா?" என்று கேட்கிறார். எழுதச் சொன்னேன். போன் வாங்கி அனுப்பாதே. எனக்கு அது தேனீ இரைவது மாதிரிதான் கேட்கும்.

நான் வந்து சேர்ந்துவிட்டேன் என்று சம்பந்தியிடம் தனியாக ஒரு தரம் சொல்.

அப்பா

பிப்ரவரி 21

அப்பாவுக்கு, மகள் கோபத்தோடு எழுதுவது.

கோபம் என்றாலும் கேட்டுத்தானே ஆகவேண்டும். உடம்பு எப்படி இருக்கிறது? மாத்திரை தீர்ந்திருக்குமே, அங்கே மருந்துக் கடை உண்டா? நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம். இருக்கிறோம் என்று சொல்லிக்கொள்கிறோம்.

ஒரு பையில் இரண்டு சட்டையை வைத்துக்கொண்டு போய் யாராவது நிரந்தரமாகக் குடியேறுவார்களா? பக்கத்து வீட்டில், "அப்பாவ எங்க விட்டுட்டு வந்தீங்க?" என்று கேட்கிறார்கள், பஸ்ஸில் குடையை மறந்த மாதிரி. நான் என்ன பதில் சொல்ல?

காரணம் எனக்குத் தெரியும். "இப்படி இருமறாரே, வெளி அறையில படுக்கச் சொல்லேன்" என்று உங்கள் மாப்பிள்ளை சொன்னதுதானே? டிவி சத்தம் கேட்காது, காலிங்பெல் கேட்காது, இது மட்டும் உங்களுக்குக் கேட்டுவிட்டது. அவரே இப்போது தலையைச் சொறிந்துகொண்டு, "உங்கப்பாவ நான் என்ன சொல்லிட்டேன், கேட்டு எழுதேன்" என்று நிற்கிறார்.

நீங்கள் சொன்னபடி மாமாவிடம் தனியாகச் சொன்னேன். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், "சரிம்மா" என்றார். பிறகு எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். சாப்பிடவே இல்லை, எதற்குக் கழுவினாரோ.

டிக்கெட் அம்மாவுக்கு என் வணக்கம். அப்பாவுக்கு டீயில் சர்க்கரை போட விடாதீர்கள்.

மகள்

மார்ச் 12

மகளுக்கு அப்பா.

உன் கடிதத்தை அந்த அம்மா இரண்டு தரம் வாசித்தார். இரண்டாம் தரம் சர்க்கரையைப் பற்றி வந்த இடத்தை மட்டும் கொஞ்சம் சத்தமாக. மருந்துக் கடை இல்லை. வாரம் ஒருநாள் படகில் நர்ஸ் வருகிறார். நீங்கள் எல்லாரும் நலம் என்றால் நானும் நலம்.

மாப்பிள்ளையிடம் ஒரு குற்றமும் இல்லை. இருமுகிறவனை இருமுகிறான் என்றுதான் சொல்வார்கள். அவரைத் தலையைச் சொறிய வேண்டாம் என்று சொல், இருக்கிறதே கொஞ்சம்.

என் வீட்டுக்குப் பின்னால் பத்தடியில் ஓர் எல்லைக்கல். கல்லுக்கு அந்தப் பக்கம் யாரும் வீடு கட்டக் கூடாது; அது தண்ணீரின் இடம். இந்தப் பக்கம் கட்டலாம். கீழ் வரிசைப் பன்னிரண்டு வீடும் அந்தக் கல் வரிசையை நம்பிக் கட்டினவை. முதல் வீடு படகுத் தச்சர். அவர் சிரித்தால் சுவரில் மாட்டின ரம்பம் ஆடும். மூன்றாவது, இதை எழுதுகிற அம்மாவுடையது. ஏழாவது வீட்டில் வலை பின்னுகிற இரண்டு சகோதரிகள். ஒருத்தி பேசினால் இன்னொருத்தி பேசமாட்டாள், முறை வைத்திருக்கிறார்கள்.

கீழ் வரிசை ஈரம், எலும்புக்கு ஆகாது, மேட்டில் சங்கத்து மனை காலியாகக் கிடக்கிறதே, அங்கே போய்விடுங்கள் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "நீங்க மட்டும் ஏன் பெரியவரே எல்லாத்துக்கும் கீழ வந்து குந்திக்கிட்டீங்க?" என்கிறார் தச்சர். எனக்கு ஈரத் தாத்தா என்று பெயர் வைத்தாயிற்று.

ஏரியின் கலிங்கில் வேலை தொடங்கிவிட்டது. அதுதான், தண்ணீர் நிறைந்தால் வழிந்து போகிற சுவர். நாலடி உயர்த்துகிறார்கள். அக்டோபரில் மதகை அடைத்துத் தண்ணீரை ஏற்றுவார்களாம். இந்தச் செய்தியை மாப்பிள்ளை பேப்பரில் வாசித்தாரே, ஞாபகம் இருக்கிறதா?

சம்பந்தி சாப்பிடுகிறாரா? மறக்காமல் எழுது.

அப்பா

ஏப்ரல் 28

அப்பாவுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. அலுவலகத்தில் வருஷக் கணக்கு முடிக்கிற வேலை. உங்கள் இருமல் எப்படி? இங்கே வெயில், மற்றபடி சுகம்.

மாமாவைக் கேட்டீர்கள். பாதிதான் சாப்பிடுகிறார். தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். "உங்கப்பன் எழுதினானா? என்ன எழுதினான்?" உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். கல் என்று வந்த இடத்தில், "போதும்மா, மிச்சத்த அப்புறம் படி" என்றார். அப்புறம் கேட்கவே இல்லை.

நானும் யோசித்துப் பார்த்தேன். உங்கள் மாப்பிள்ளை இருமலைப் பற்றிச் சொன்னது திங்கட்கிழமை. நீங்கள் கிளம்பினது அடுத்த சனிக்கிழமை. நடுவில் வியாழக்கிழமைதான் அந்தப் பேப்பர் செய்தி. 'எல்லைக்கல்லுக்கு ஐம்பது அடி முன்னாலேயே தண்ணீர் நின்றுவிடும், குடியிருப்புக்கு ஆபத்தில்லை' என்று அவர் வாசித்தபோது நீங்கள் இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். இருவருமே எழுந்துவிட்டீர்கள். மறுநாள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினீர்கள். வெளியே வந்தபோது மாமா அழுதமாதிரி இருந்தார்.

உங்களுக்குள் என்ன சண்டை? முப்பது வருஷம் ஒரே சர்வே அலுவலகத்தில் சங்கிலி இழுத்தவர்கள். எனக்கு இந்த வீட்டில் கல்யாணம் நடந்ததே உங்கள் சிநேகிதத்தால். மறைக்காமல் சொல்லுங்கள். இன்னொருவர் கையால் எழுதவேண்டியிருக்கிறதே என்று சங்கடமாக இருந்தால், நான் புறப்பட்டு வருகிறேன்.

மகள்

மே 17

மகளுக்கு,

இருமல் குறைவு. வெயிலில் அதிகம் அலையாதே. சண்டை ஒன்றுமில்லை. நீ வரவேண்டாம்.

எல்லைக்கல்லுக்கெல்லாம் சிவப்புச் சாயம் அடித்திருக்கிறார்கள், தண்ணீர் விடுகிறவர்களுக்குத் தெரிய.

சம்பந்தியைச் சாப்பிடச் சொல்.

அப்பா

(ஐயா இவ்வளவுதான் சொன்னார். இதைச் சொல்ல முக்கால் மணி நேரம். நடுவில் இரண்டு தரம் வாயைத் திறந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். படகு வந்துவிட்டது, ஐம்பது பேருக்கு டிக்கெட் கிழித்துவிட்டுத் திரும்பினேன், அப்போதும் அப்படியே உட்கார்ந்திருந்தார். — எழுதியவள்)

ஜூன் 20

ஐயாவின் மகளுக்கு, படகுத்துறை டிக்கெட் அம்மா எழுதுவது.

நீங்களும் குடும்பமும் நலமா? இது ஐயாவுக்குத் தெரியாமல் எழுதுவது, மன்னிக்கவும்.

உங்கள் அப்பா நல்ல மனிதர். என் வீட்டுக்காரர் ஆறு வருஷமாகப் படுத்த படுக்கை. நான் துறையில் இருக்கும் நேரம் ஐயாதான் போய்த் திருப்பிப் படுக்கவைத்து, எந்த வருஷம் எந்த ஆற்றில் எவ்வளவு வெள்ளம் என்று கதை சொல்லிக்கொண்டிருக்கிறார். தேதி, கிழமை, யார் என்ன சட்டை போட்டிருந்தார் வரைக்கும் சொல்கிறார். அதனால் மூளைக் கோளாறு என்று சொல்லமாட்டேன்.

ஆனால் ஒரு மாதமாகக் கையில் நீளமான கயிறு. நூறடி இருக்கும். சேற்றில் இறங்கி, ஒரு முனையைக் கல்லில் கட்டிக்கொண்டு தனியாக இழுக்கிறார். பழைய பாறை ஒன்று இருந்ததாம், படகுத்துறை கட்டும்போது உடைத்துவிட்டார்களாம், அது இருந்த இடம் தேடுகிறாராம். போன செவ்வாய் இடுப்புவரை புதைந்துவிட்டார். தச்சரும் நானும்தான் இழுத்தோம். "என்ன பெரியவரே, ஏரிக்குச் சட்டை தைக்க அளவு எடுக்கறீங்களா?" என்று தச்சர் கேட்டார். எல்லாரும் சிரித்தோம். ஐயா சிரிக்கவில்லை. எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போங்கள்.

ஜூன் 29

அப்பாவுக்கு,

உடம்பு நலமா என்று இந்தத் தடவை கேட்கப்போவதில்லை, எனக்குத் தெரியும். இடுப்புவரை சேறு. எழுபத்துமூன்று வயதில்!

ஜூலை இருபதாம் தேதி லீவு போட்டிருக்கிறேன். அவரும் வருகிறார். உங்களை அழைத்துக்கொண்டுதான் திரும்புவோம். உங்கள் கட்டைவிரல் ரேகையை அந்தப் பதிவேட்டிலிருந்து எப்படி அழிப்பது என்று அவர் விசாரித்துக்கொண்டிருக்கிறார். மாமாவையும் கூப்பிட்டேன். "நான் அந்த ஏரிக்கு வரமாட்டேம்மா" என்றார். உங்களுக்கு முன்னமே அந்த ஏரியைத் தெரியும், சரி. இவருக்கு எப்படித் தெரியும்?

வராதே என்று எழுதுவதானால் காரணத்தோடு எழுதுங்கள்.

மகள்

ஜூலை 8

மகளுக்கு,

நான் நலம். உங்கள் நலத்தைக் கடைசியில் கேட்கிறேன், முதலில் இதைச் சொல்லி முடிக்கவேண்டும். இந்த அம்மா முன்னால் சொல்லக் கூடாது என்றுதான் ஐந்து மாதம் வாயைக் கட்டினேன். எழுதத் தெரிந்தவனாக இருந்தால் என்றைக்கோ எழுதியிருப்பேன். நீ வருவதற்குள் சொல்லவேண்டும். இவரும் தெரிந்துகொள்ள வேண்டியவர்தான்.

உன்னைப் பெறுவதற்கு உன் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். நான் இங்கே எல்லைக்கல் நடும் வேலையில் இருந்தேன். ஏரித் தண்ணீர் ஏறி நின்ற அந்தப் பாறையிலிருந்து ஆயிரம் அடி தள்ளிக் கல் நடவேண்டும் என்பது உத்தரவு. எங்களிடம் நூறடிச் சங்கிலி. முன் ஆள் பத்துக் கம்பி முளையோடு புறப்படுவார். ஒவ்வொரு சங்கிலிக்கும் முனையில் ஒரு முளை குத்துவார். பின் ஆள் அந்த முளைகளைப் பிடுங்கிச் சேர்த்துக்கொண்டே வருவார். நான் பின் ஆள். முன் ஆள் கை காலியானதும் "பத்து" என்று கத்துவார். பின் ஆள் தன் கையை எண்ணி "பத்து" என்று திருப்பிக் கத்துவார். இரண்டு குரலும் கேட்டால்தான் சர்வேயர் ஐயா புத்தகத்தில் எழுதுவார்.

அன்று காலை தகவல் வந்தது. குழந்தை குறுக்கே கிடக்கிறது, தாய் பிழைப்பது சந்தேகம். நாலு மணி மோட்டார் லாஞ்சை விட்டால் அடுத்தது மூன்றாம் நாள். முழங்கால் சேறு, ஒரு சங்கிலி இழுக்க அரை மணி ஆகிறது. ஒன்பதாவது முளையை நான் பிடுங்கும்போது லாஞ்சு சங்கு ஊதியது. முன் ஆள் திரும்பி என்னைப் பார்த்தார். மிச்சமிருந்த ஒரு முளையை இடுப்பில் செருகிச் சட்டையை இழுத்து மூடிக்கொண்டு, "பத்து!" என்று கத்தினார். என் கையில் ஒன்பது. எண்ணவே வேண்டாம், கனம் சொல்லும். நானும் "பத்து" என்றேன். ஒன்பது சங்கிலியில் கல் நட்டார்கள். மற்றக் கற்களையெல்லாம் அந்தக் கல்லைப் பார்த்து வரிசையாக நட்டார்கள். நான் ஓடி லாஞ்சைப் பிடித்தேன்.

உன் அம்மாவும் பிழைத்தாள், நீயும் பிழைத்தாய். அதனால் அதைத் தப்பு என்றே நினைக்காமல் நாற்பத்தொரு வருஷம் சாப்பிட்டுத் தூங்கினேன். தண்ணீர் இவ்வளவு தூரம் எங்கே ஏறப்போகிறது என்று சொல்லிக்கொண்டேன். இப்போது ஏற்றப்போகிறார்கள். கல் இருக்கவேண்டிய இடத்துக்கு நூறடி முன்னாலேயே நிற்கிறது; அதனால் தண்ணீர் கல்லுக்கு முன்னால் ஐம்பது அடியில் நிற்காது. கல்லைத் தாண்டி ஐம்பது அடி வரும். பன்னிரண்டு வீட்டுக்குள்ளும் வரும். சொல்லாமலே இவர்களை மேட்டுக்கு ஏற்றிவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. அப்படித் தண்ணீர் வந்தால் முதலில் என் வீட்டுக்கு வரட்டும் என்றுதான் கடைசி வீட்டைக் கேட்டேன்.

மாப்பிள்ளை, சம்பந்தி நலமா?

அப்பா

(ஐயா சொன்னதில் ஒரு சொல் விடாமல் எழுதிவிட்டேன். கீழ் வரிசையில் மூன்றாவது வீடு என்னுடையது என்று உங்களுக்கே தெரியும். ஸ்டாம்பை நானே ஒட்டி அனுப்புகிறேன். இனிமேல் எழுதுவதற்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.)

ஆகஸ்ட் 30

அப்பாவுக்கு,

நலமா? இது மூன்றாவது கடிதம். முந்திய இரண்டுக்கும் பதில் இல்லை. யார் வாசித்துக் காட்டுகிறார்களோ, யாரும் வாசிக்கவில்லையோ. இதை வாசிப்பவர் யாராக இருந்தாலும் அப்பாவுக்கு நிதானமாக வாசித்துக் காட்டுங்கள், உங்களுக்குப் புண்ணியம்.

ஜூலையில் நான் வரவில்லை. டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வந்து அந்த அம்மாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது? உங்கள் மேல் கோபப்பட்டுப் பார்த்தேன். என் பிறந்தநாளை மடியில் வைத்துக்கொண்டு யார்மேல் கோபப்படுவது, அப்பா?

சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுங்கள். சங்கத்திடம், அதிகாரியிடம், யாரிடம் வேண்டுமானாலும். எனக்காக ஒளிக்க வேண்டாம்.

ஒன்று கேட்கவேண்டும். கடிதம் முழுக்க 'முன் ஆள்', 'முன் ஆள்' என்றே சொல்லியிருக்கிறீர்கள். உங்களோடு எத்தனையோ பேர் வேலை செய்தார்கள். அது யார்? கேட்கவும் வேண்டும்போல இருக்கிறது, நீங்கள் சொல்லிவிடாமல் இருந்தால் தேவலை என்றும் இருக்கிறது. கடிதத்தை நான் யாருக்கும் காட்டவில்லை. ஆனால் கவரைப் பார்த்துவிட்டு மாமா வந்து நின்றார். "பேரச் சொல்லிட்டானா?" என்றார். "இல்ல மாமா" என்றேன். "இன்னும் சொல்லலையா" என்று திரும்பிப் போனார். அது நிம்மதியா, வருத்தமா, அவர் முதுகைப் பார்த்து எனக்குத் தெரியவில்லை.

மகள்

செப்டம்பர் 19

மகளுக்கு அப்பா.

நலம் விசாரிப்பதை முதலிலேயே முடித்துக்கொள்கிறேன், கடைசியில் வாய் வராது. நீ நலமாக இரு. மாப்பிள்ளை நலமாக இருக்கட்டும். என் உடம்புக்கு ஒன்றுமில்லை.

உன் மூன்று கடிதத்தையும் நேற்றுத்தான் கேட்டேன். டிக்கெட் அம்மாதான் வாசித்தார். இரண்டு மாதம் என் பக்கம் திரும்பவே இல்லை. அவருடைய வீட்டுக்காரர் மட்டும், "பெரியவர் எங்க, பெரியவர் எங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். நேற்று ஜன்னலைத் தட்டிக் கூப்பிட்டு வாசித்தார்; இன்று காகிதத்தை எடுத்து வைத்து, "சொல்லுங்க" என்றார். என்னைப் பார்க்கவில்லை.

நடுவில் சங்கத்தைக் கூட்டச் சொல்லி, நாற்பது வீட்டுக்கும் முன்னால் நின்று சொன்னேன். யாரும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. தச்சர், "ஈரம் ஈரம்னு ஆறு மாசமா உயிர எடுத்தீங்களே, அதுக்குப் பதிலா இத ஒரு நிமிஷம் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். சிரிக்கவில்லை. வலைக்காரச் சகோதரிகள் முதல் தடவையாக இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மறுநாளிலிருந்து யாரும் ஈரத் தாத்தா என்று கூப்பிடுவதில்லை. எப்படியும் கூப்பிடுவதில்லை.

கலிங்கு அதிகாரி வந்தார். சின்ன வயசு, மரியாதையான பெண். பழைய அளவுப் புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்தார். ஆயிரம் அடி என்று அதில் இருக்கிறது, இரண்டு குரலும் கேட்டதாக ஓரத்தில் இரண்டு கோடு. அளவு தொடங்கின பாறை இப்போது இல்லை. அது இருந்த இடத்தைக் காட்டினேன். "உங்க ஒருத்தர் ஞாபகத்த வச்சு மதகு அடைக்கிற தேதிய நான் மாத்த முடியாதுங்க ஐயா. அன்னைக்கு அங்க இருந்த இன்னொருத்தர் தனியா வந்து, அதே இடத்தக் காட்டி, அதையே சொன்னா நிறுத்தலாம். யாராவது இருக்காங்களா?" என்றார். நாளை பதினொரு மணிக்குள் பதில் சொல்லவேண்டும். பெயரைச் சொன்னால் சர்க்கார் காகிதம் அந்த ஆளின் வாசலுக்கு வரும். அதற்கு முன்னால் இது உன் கைக்கு வரட்டும் என்றுதான் இன்றைக்கே இரண்டரை மணிப் படகில் அனுப்பச் சொல்கிறேன்.

அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினது இதுதான். "வா, ரெண்டு பேருமா போய்ச் சொல்லிடுவோம்" என்றேன். "உனக்காகப் பண்ணினேன்டா. என்னையே கொண்டுபோய் நிறுத்தறியா?" என்று ஒரே ஒரு தரம் கேட்டார். அன்று ராத்திரியே பையில் இரண்டு சட்டையை எடுத்து வைத்தேன். அந்தக் கேள்வியால்தான் இத்தனை நாள் பெயரை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொல்லிப் பார்த்தேன். அது செல்லுபடியாகவில்லை. இந்த அம்மாவின் வீட்டுக்காரரைக் கட்டிலோடு தூக்க நாலு ஆள் வேண்டும்.

அன்றைக்கு ஏரியில் இருந்தவர்களைச் சொல்கிறேன், கேள். சர்வேயர் ஐயா, தூக்கத்திலேயே போய்ப் பத்தொன்பது வருஷம். குடை பிடித்த பியூன், அதற்கு முந்திய வருஷம், சிறுநீரகம். கொடி பிடித்தவரை நாங்கள் கொக்கு என்று கூப்பிடுவோம். லாரி மோதி, உன் கல்யாணத்துக்கு முந்திய மாதம். கல் சுமந்த அண்ணன் தம்பி இருவரும் காலராவில், ஒரே வாரத்தில். சமையல்காரருக்கு மஞ்சள் காமாலை. லாஞ்சு ஓட்டினவர் என்னை அக்கரையில் இறக்கிவிட்டு, "ஓடு, ஓடு" என்றவர், இந்த ஏரியிலேயே போனார். பின் ஆள் நான், அதிகாரி முன்னால் சொல்லியாயிற்று.

முன் ஆள் இருக்கிறார். உன் வீட்டு ஜன்னலோர நாற்காலியில் இருக்கிறார். உன் மாமனார்.